பாதிக் கொய்யா

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. உன் நலம் என்ன என்பதைத் திங்கட்கிழமை இரவு ஒன்றே முக்காலுக்கு நீயே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டாய். விடியற்காலம் ஜெபத்துக்கு எழுந்தபோதுதான் பார்த்தேன். போனில் தட்ட எனக்கு விரல் வராது. தட்டி முடிகிற காரியமும் இல்லை இது. அதனால் நாலு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிறு ஆராதனையில் ஐயர் உன்னை எழுந்து நிற்கச் சொல்லி, தன்னலமற்ற அன்புக்கு நம் சபையிலேயே ஒரு சாட்சி என்று புகழ்ந்தார், எல்லாரும் கைதட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். அன்று காலையில்தான், ஊட்டிய கஞ்சியை உன் மாமியார் துப்பிவிட்டார்கள் என்று, “ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தால் என்ன” என்று கத்தியிருக்கிறாய். “நான் மாய்மாலக்காரி பெரியம்மா. எனக்கு அவர்கள்மேல் அன்பே இல்லை. கடமைக்குச் செய்கிறேன்.” உன் வார்த்தை இது.

முதலில் அந்தக் கத்தலை முடித்துவிடுவோம். அது தப்பு. அத்தையிடம் போய், கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பாகப் பேசிவிட்டேன் அத்தை” என்று சொல். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்குப் புரிதலும் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பலருக்கு எல்லாம் விளங்கும், சொல் மட்டும் வராது. நீ கத்தியதும் அவர்களுக்குக் கேட்டிருக்கும், மன்னிப்புக் கேட்டாலும் கேட்கும். அது அத்தோடு போகட்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கஞ்சியைத் துப்புவது பல நேரம் பிடிவாதம் இல்லை. விழுங்க முடியாததால் வருவது. நிமிர்த்தி உட்கார வை, கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாக்கு, கரண்டியைப் பாதி நிரப்பு, சரியாக இருக்கிற பக்கத்துக் கன்னத்தில் கொடு. ஒரு வாய் உள்ளே போனபின்தான் அடுத்த வாய். விழுங்கும்போது இருமல் வந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல். அத்தை படுக்கையில் விழுந்த இந்த எட்டு மாதத்தில் இதை உனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் 34 வருஷம் நர்ஸாக இருந்தவள்.

இனி ‘அன்பே இல்லை’ என்றாயே, அதற்கு வருகிறேன்.

உன் கல்யாணத்தில் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள். யார் கல்யாணத்தில்தான் வாசிக்கவில்லை? பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக அந்த அதிகாரத்தைக் கேட்டுக் கேட்டு, அது ஏதோ காதல் பாட்டு என்று நமக்குப் பதிந்துபோயிற்று. பவுல் அதை மாப்பிள்ளை பெண்ணுக்கு எழுதவில்லை. சண்டைக்காரச் சபை ஒன்றுக்கு எழுதினார். கொரிந்துவில் நான் இன்னார் கட்சி, நீ இன்னார் கட்சி என்று பிரிந்து கிடந்தார்கள். யாருக்கு வரம் பெரிது என்று போட்டி. திருவிருந்துக்குக் கூடும்போது வசதியுள்ளவன் முன்னால் வந்து தின்று குடித்து வெறித்திருக்க, ஏழை பசியோடு நிற்பான். 11ஆம் அதிகாரத்தைப் படித்துப் பார். நம் ஊர் அசன விழாவில் கோயில் தர்மகர்த்தாவும் கூலிக்காரரும் ஒரே பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே, அது கொரிந்துவில் நடக்காத காரியம். அந்த ஆட்களுக்கு எழுதிய அதிகாரம் அது.

கிரேக்கு படித்த ஐயர் ஒருவர் எங்கள் வேதபாட வகுப்பில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. அன்பு இப்படிப்பட்டது, அப்படிப்பட்டது என்று நம் வேதாகமத்தில் குணங்களாக ஒலிக்கிற இடத்தில், 4ஆம் வசனம் முதல் 7ஆம் வசனம் வரை, மூலத்தில் வினைச்சொற்களாகவே வருகின்றனவாம். மொத்தம் 15. அன்பு எப்படி உணரும் என்று பவுல் எழுதவில்லை. என்ன செய்யும், என்ன செய்யாது என்றுதான் எழுதியிருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து அத்தையைப் புரட்டிப் படுக்க வைக்கிறாயே, அது வினைச்சொல். எட்டு மாதமாக முதுகில் ஒரு படுக்கைப் புண் இல்லை. ஆஸ்பத்திரியிலேயே அது லேசில் நடக்காது. உள்ளம் உருகவில்லையே என்று அழுகிறாய். தூக்கமில்லாதவளுக்கு உள்ளம் எப்படி உருகும்? எரிச்சல்தான் வரும்.

அந்த 15இல் ஒரு சொல் கடைக்காரர் சொல். தீங்கு ‘நினையாது’ என்று வருகிறதே, அது மூலத்தில் கணக்கில் எழுதிக்கொள்வதைக் குறிக்கும் வார்த்தை. நமக்கு இது நன்றாகப் புரியும். வீட்டுக்கு வீடு பீரோவில் மொய் நோட்டு இருக்கிறது. அவர்கள் 501 வைத்தார்கள், நாம் 1001 வைத்தோம். உறவுக்கும் அன்புக்கும் அதே பழக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டுவிடுகிறோம். உன் செய்தியிலும் அந்த நோட்டு திறந்து கிடந்ததைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் நகை விஷயத்தில் அத்தை சொன்ன சொல், உன் அம்மா சாவுக்கு அவர்கள் தாமதமாக வந்தது, நாத்தனாருக்கு மட்டும் கொடுத்த வளையல். அந்த வருத்தம் நியாயமானது. ஆனாலும், அவர்கள் பாதத்தைத் துடைக்கும்போதெல்லாம் அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே துடைத்தால் கை வலிக்கும் மகளே. கிழித்துப் போடு என்று சொல்லமாட்டேன். கிழிக்க எனக்கே முடிந்ததில்லை. துடைக்கிற நேரத்துக்கு மட்டும் மூடி வை.

இப்போது நான் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் பெரியப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

1977இல், எனக்கு 22 வயது. வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு மிஷன் தொழுநோய் ஆஸ்பத்திரியில் வேலை. கூட்டு மருந்தெல்லாம் வராத காலம், டாப்சோன் மாத்திரைதான். ஆண்கள் வார்டில் காலைதோறும் எனக்குப் பாதம் கழுவுகிற ட்யூட்டி. உணர்ச்சியற்ற பாதத்தைச் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவைக்க வேண்டும். தடித்த தோலைக் கல்லால் மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும். ஈரம் காயுமுன் எண்ணெய் தடவ வேண்டும். தினமும். நான் அதைப் பெரிய வியாழக்கிழமைப் பிரசங்கம்போலச் செய்தேன். சீஷர்களின் பாதம் கழுவிய ஆண்டவரைப் பின்பற்றுகிறேன் என்று வீட்டுக்கு வாராவாரம் கடிதம். அந்தக் கடிதங்களை எங்கள் அப்பா சபையில் வாசித்துக் காட்டினார். உனக்குக் கைதட்டிய மாதிரிதான்.

குடியாத்தம் பக்கத்து நெசவாளி ஒருவர் இருந்தார், என் அப்பா வயது. வலது கை விரல்கள் மடங்கிப் பறவை நகம்போல் இறுகியிருந்தன. தசைநாணை இடம் மாற்றித் தைக்கும் ஆபரேஷன் செய்தார்கள். மூன்று வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தபின், விரலை நீட்டவும் பெருவிரலோடு சேர்த்துப் பிடிக்கவும் தினம் பயிற்சி. ஒருநாள் நான் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்தார். இடது உள்ளங்கையில் வைத்து, ஆபரேஷன் செய்த கையால் அழுத்தி, மெதுவாக, வியர்த்துப்போய், இரண்டாகப் பிளந்தார். வருஷக்கணக்கில் அந்தக் கை செய்யாத வேலை. பாதியை என்னிடம் நீட்டினார்.

நான் சிரித்துக்கொண்டே வாங்கினேன். ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். வார்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் எறிந்துவிட்டேன்.

நோய் அப்படித் தொற்றாது என்று எனக்குத் தெரியும். பெரும்பாலோர் உடம்பில் இயல்பாகவே எதிர்ப்புச் சக்தி உண்டு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். தெரிந்தும் எறிந்தேன். மறுநாள் அவர் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். எறும்பு மொய்த்துக் கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலில் வந்து உட்கார்ந்து, வழக்கம்போல் காலை நீட்டினார்.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அவர் பாதத்தின் ஒவ்வொரு வெடிப்பும் எனக்குத் தெரியும், அவர் பெயர் தெரியாது என்று. மூன்று மாதமாக அவர் எனக்கு ஏழாம் நம்பர் கட்டில். கொடுக்க எனக்கு வந்தது, வாங்க வரவில்லை. குனிந்து கழுவினேன், அவர் நிலைக்கு இறங்கவில்லை. மொலோக்காய்த் தீவுக்கு 1873இல் போன தமியான் சாமியாரைப் பற்றிப் படித்திருப்பாய். அவர் நோயாளிகளோடு ஒரே பாத்திரத்தில் கையிட்டுச் சாப்பிட்டார். 1889இல் அதே நோயால் இறந்தார். அப்படித் தொற்று வாங்கிக்கொள்வதைப் பக்தி என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன், நர்ஸாக இருந்தவளாயிற்றே. ஆனால் ‘அந்தத் தொழுநோயாளிகள்’ என்று சொல்லாமல் ‘தொழுநோயாளிகளாகிய நாம்’ என்று பேசிய மனுஷன் அவர். அந்த ‘நாம்’ எனக்கு அன்று இல்லை.

அந்த நெசவாளி மறு பரிசோதனைக்கு வந்தபோது கொய்யாக் காலம் முடிந்திருந்தது. கேட் பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

அதே பக்கம், வேலூரில், பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர், மிஷனரி பிள்ளை. அப்பாவை அந்த மலையிலேயே காய்ச்சலுக்குக் கொடுத்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நான் சொன்ன கை ஆபரேஷனை வளர்த்தெடுத்தவர் அவர்தான். அதுவரை தொழுநோயில் விரல் அழுகி விழுகிறது என்றே உலகம் நம்பியது. அவர் உட்கார்ந்து ஒவ்வொரு காயமாக விசாரித்துப் பார்த்தார். கிருமி நரம்பை மரத்துப்போகச் செய்கிறது, மற்றதையெல்லாம் வலியின்மை செய்கிறது என்று கண்டார். சூடான டம்ளரைப் பிடித்தால் சுடாது. ஆணி குத்தினால் தெரியாது. தூங்கும்போது எலி விரலைக் கடித்தால்கூட விழிப்பு வராது. அதற்காக நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும்போது ஆளுக்கொரு பூனை கொடுத்தனுப்பினார்கள். வலி ஆண்டவர் கொடுத்த ஈவு என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். நாங்கள் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமும் அதுதான்: உனக்கு வலிக்காது, ஆகையால் தினமும் உன் கையையும் காலையும் கண்ணால் பார்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன்? தன்னலம் இல்லாமல் இருப்பதையும் தான் இல்லாமல் போவதையும் நம் சபைகளில் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்கள், குறிப்பாகப் பெண்களுக்கு. இடுப்பு வலிக்கிறது என்று சொன்னால் முறுமுறுப்பு. தூக்கம் வேண்டும் என்றால் மாம்சம். எட்டு மாதமாக நீ உன் வலியைப் பார்க்காமல் மரக்க வைத்திருக்கிறாய். அது அன்று காலை உன்னை அறியாமல் கையைச் சுட்டது, அத்தையையும் சுட்டது. பிறனை நேசி என்ற கட்டளையிலேயே உன்னைப்போல என்ற அளவு இருக்கிறது. அந்த அளவுகோலை உடைத்துவிட்டு எதை வைத்து அளப்பாய்?

நல்ல சமாரியன் கதையை மறுபடி வாசி. அடிபட்டவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் ஊற்றிக் காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் ஒரு ராத்திரி பார்த்துக்கொண்டான். அதற்கப்புறம்? மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, பார்த்துக்கொள், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனான். இரண்டு நாள் கூலி அது. தன் பயணத்தை அவன் விட்டுவிடவில்லை. எல்லாவற்றையும் தானே செய்யவும் இல்லை. சத்திரக்காரனை யாரும் பிரசங்கத்தில் பேசுவதில்லை. எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடிக்கும்.

ஆகவே சத்திரக்காரர்களைத் தேடு. மாப்பிள்ளை கப்பலிலிருந்து பணம் அனுப்புகிறார் அல்லவா? பகலில் நீ பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்கு, நோயாளியைப் புரட்டத் தெரிந்த ஒரு அம்மாவைச் சம்பளத்துக்கு வை. மதுரையில் இருக்கிற கொழுந்தன் மாதத்தில் ஒரு வாரம் வந்து அம்மாவைப் பார்க்கட்டும், மகன்தானே. ‘எப்படிக் கேட்பது’ என்று தயங்காதே. கேட்காமல் இருந்துவிட்டு மனதில் நோட்டு எழுதுவதுதான் கெடுதல். ஐயரிடமும் ஒன்று கேள், நான் சொன்னேன் என்றே கேள்: கைதட்டிய பெண்கள் ஐக்கிய சங்கத்தில், சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் அத்தை பக்கத்தில் உட்கார எத்தனை பேர் வருவார்கள்?

இதோடு ஒன்று சேர்த்துச் சொல்லவேண்டும், நாளைக்கு நீ வேறொருத்திக்குச் சொல்லும்போது உதவும். ஒரு சபையில் எனக்குத் தெரிந்த பெண், புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். சிலுவையைச் சுமந்துகொள் என்று மூப்பர்கள் அவளைத் திரும்பத் திரும்ப அந்த வீட்டுக்கே அனுப்பினார்கள். ஒரு காது கேட்காமல் போன பிறகுதான் அவள் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனான். ஆண்டவர், என் ஜீவனை ஒருவரும் பறிக்கவில்லை, நானே கொடுக்கிறேன் என்ற பொருளில் சொன்னார், யோவான் 10இல் இருக்கிறது. பறிகொடுப்பது கொடுப்பது ஆகாது. அவள் சுமந்தது சிலுவை இல்லை, அவன் குற்றத்தை. அத்தை உன்னை அடிக்கவில்லை, உன் நிலைமை வேறு. இருந்தாலும் அந்த வித்தியாசம் உனக்குத் தெளிவாக இருக்கட்டும்.

அத்தையைப் பற்றி. அவர்கள் இருபது வருஷம் ஒண்டியாகப் பனங்கருப்பட்டி வியாபாரம் பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். தனக்கு ஒருத்தி டயப்பர் மாற்றுவது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசி. பேதுரு பாதம் கழுவ விடமாட்டேன் என்று அடம்பிடித்ததும், கழுவ விடாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்று ஆண்டவர் சொன்னதும் நினைவிருக்கிறதா? வாங்கிக்கொள்வதும் அவர் கேட்ட அன்புதான், அதுவும் கடினமான பாதி. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது டோனாவூருக்குக் கூட்டிப் போனேனே, ஏமி கார்மைக்கேல் அம்மா இருந்த இடம். 1895இல் இந்தியா வந்தவர், ஒருதரம்கூட ஊர் திரும்பவில்லை. கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்பட்ட பிள்ளைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் நூற்றுக்கணக்கில் வளர்த்தார். 1931இல் தவறி விழுந்தபின், 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். கல்லறையில் கல் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அங்கே பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கிற ஒரு கல்தொட்டிதான் இருக்கிறது. அதில் தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல். நீ அதில் கைவிட்டுத் தண்ணீரை இறைத்து விளையாடி என்னிடம் அடி வாங்கினாய்.

அத்தை உனக்கு ஏதாவது கொடுக்க இடம் கொடு. இடது கை அசைகிறது என்றாயே. பட்டாணி உரிக்கக் கொடு. ஆறு உரித்தாலும் போதும், அதைப் போட்டுக் குழம்பு வை. ஜெபம் முடிந்ததும் அந்தக் கையை உன் தலையில் வைக்கச் சொல். நான் எறிந்ததை நீ எறியாதே.

எனக்கு இவ்வளவு எழுதும் யோக்கியதை இருக்கிறதா என்று மேலே உள்ளதைப் படித்துப் பார்த்தபோது கேட்டுக்கொண்டேன். பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி நேர பஸ். எட்டு மாதத்தில் இரண்டு தடவைதான் வந்திருக்கிறேன், ஆரஞ்சுப் பழத்தோடு, விருந்தாளி மாதிரி.

வருகிற புதன்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஞாயிறு வரை இருப்பேன். ராத்திரி புரட்டுகிற வேலை நாலு நாளும் என்னுடையது. நீ உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு. பழைய வேட்டித் துணி இரண்டு மூன்று துவைத்து வை, குதிகாலுக்கு அண்டை கொடுக்க வேண்டும். நான் வருவதை அத்தையிடம் முன்னதாகவே சொல்லிவிடு, இல்லாவிட்டால் திடுக்கிட்டுப்போவார்கள்.

உன் பெரியம்மா